அமாவாசை பார்ட்டி

காலை ஐந்து நாற்பது. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நான் முதலில் பார்த்தது, திண்டிவனம் போகவேண்டிய பஸ்ஸின் முன்கண்ணாடியிலிருந்து ஊர்ப் பலகையை எடுத்துக்கொண்டிருந்த கண்டக்டரை. அந்த இடத்தில் அவர் வைத்த பலகையில் ‘மேல்மலையனூர் – சிறப்புப் பேருந்து’ என்று இருந்தது. அன்று அமாவாசை.

எனக்கு அன்று பஸ் தேவைப்படவில்லை, தினமும் ஏறும் நேரத்துக்கே பழக்கத்தில் வந்துவிட்டேன். எங்கள் துறை மாணவர்கள் கோட்டையில் புகைப்படப் பயிற்சி எடுக்க வேனில் வந்துகொண்டிருந்தார்கள். உள்ளூர்க்காரன் என்பதால் அவர்களை அழைத்துப்போகும் வேலை எனக்கு. பத்து வருடம் ஒரு நாளிதழுக்குத் தாலுகா நிருபராக இருந்துவிட்டு, ஒரு பட்டம் இருக்கட்டும் என்று இதழியல் முதுகலையில் சேர்ந்திருந்தேன். தினமும் இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய பெரிய பல்கலைக்கழகம் அது. வாசலிலிருந்து எங்கள் துறைக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் சட்டை நனைந்துவிடும்.

அவ்வளவு பெரிய இடத்தில் யாரையும் யாருக்கும் சரியாகத் தெரியாது. அதனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பெயர் இருந்தது. “கணக்குத் துறை சிரிக்காது, மேனேஜ்மென்ட் துறை கேக்காது, நம்ம துறை எழுதாது” என்பது எங்கள் வகுப்பில் எல்லோரும் சொல்வது. துறையின் பயிற்சி இதழுக்காக, இந்தப் பெயர்கள் எவ்வளவு தூரம் உண்மை என்று விசாரித்து எழுதும்படி துறைத் தலைவர் என்னிடம் சொல்லியிருந்தார். சில வாரங்கள் கேன்டீனிலும் நூலகத்திலும் உட்கார்ந்து கவனித்தேன். கணக்குத் துறைக்காரர்கள் நன்றாகவே சிரித்தார்கள், தங்களுக்குள் மட்டும். சிற்பம் படிப்பவர்கள் மதியத்துக்குமேல்தான் எழுந்து வருவார்கள் என்று சொல்லக் கேட்டிருந்தேன். அது பொய். களிமண் காய்ந்துவிடும் என்பதால் வளாகத்தில் எல்லோருக்கும் முன்னால் வந்தவர்கள் அவர்கள்தான். எங்கள் துறை எழுதாது என்பது பெரும்பாலும் உண்மை.

செஞ்சிப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு வைத்த பெயர் ‘அமாவாசை பார்ட்டி’. மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் காணாமல் போவார்கள், மேல்மலையனூர் அங்காளம்மனைக் கும்பிடப் போய்விடுவார்கள் என்று அர்த்தம். வைத்தவன் சென்னையிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த வகுப்புத் தோழன். என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்திருந்தான்.

அதில் எங்கள் வகுப்பைச் சேர்ந்த ஒரு பெண்ணும் இருந்தாள். செஞ்சிக்குப் பக்கத்தில், மாதா கோயில் உள்ள ஒரு கிராமம் அவளுடையது. அந்த செமஸ்டரில் அவளுடைய வருகைப் பதிவு தேர்வுக்குத் தேவையான அளவுக்குக் கீழே போய்விட்டது. ஒவ்வொரு அமாவாசையை ஒட்டியும் மூன்று நாள் வரமாட்டாள். பஸ் தாமதமாகும் நாட்களில் முதல் வகுப்பும் போய்விடும். துறைத் தலைவர் காரணம் எழுதிப் பரிந்துரைத்தால் தேர்வு எழுதலாம். இல்லையென்றால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். “ஒரு வருஷம் யாருண்ணா சும்மா குந்தவெச்சி சோறு போடுவாங்க? திண்டிவனத்துல துணிக்கடைல சேத்து வுட்ருவாங்க. அப்புறம் எங்க படிக்கிறது?” என்று ஒருநாள் பஸ்ஸில் என்னிடம் சொன்னாள்.

இந்தக் கோட்டைப் பயணத்துக்கு முந்தைய வாரம்தான் அவளுடைய விஷயம் வகுப்பிலேயே பேசப்பட்டது.

“காரணம்னு கேட்டா அமாவாசைன்னு போடுங்க மேடம்” என்றான் விடுதித் தோழன்.

“சும்மா இரு. அவ கிறிஸ்டியன். அங்காளம்மன் கோயிலுக்கு அவ எதுக்குப் போகப்போறா?” என்றார் துறைத் தலைவர். “அன்னைக்கு பஸ்ஸை எல்லாம் ஸ்பெஷலுக்கு எடுத்துடறாங்க. அதான் வர முடியல. இல்ல?” என்று என்னைப் பார்த்தார்.

“பஸ்ஸை எடுக்கிறது உண்மை மேடம்” என்றேன். நான் நிருபராக இருந்தபோது பலமுறை எழுதிய செய்தி அது. அந்தப் பெண் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். போக்குவரத்து வசதி இல்லை என்று எழுதி அனுப்புவதாக முடிவானது.

எட்டேகாலுக்கு வேன் வந்து பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நின்றது. ஆட்கள் இறங்கி டீக்கடைக்குப் போனார்கள். அவள் வேனிலும் இல்லை, ஸ்டாண்டிலும் வந்து காத்திருக்கவில்லை.

“டூரே அவங்க ஊர்ல. அதுக்கும் வரல பாரு” என்றான் விடுதித் தோழன். “இன்னைக்கு இன்னா மேடம் பஸ் பிரச்சனை? நடந்தே வரலாமே.”

துறைத் தலைவர் வேனிலிருந்து தன் கேமராவை எடுத்தார். கோட்டை காத்திருக்கும், முதலில் கூட்டத்தைப் படம் எடுங்கள் என்று எல்லோரையும் ஸ்டாண்டுக்குள் அனுப்பிவிட்டு, அவரும் கேமராவோடு நடந்தார். நான் கூடப் போனேன்.

மேல்மலையனூர் பஸ்களில் மூன்றாவதன் பின்வாசலில் ஒரு சத்தம். இரண்டு சாக்கு மூட்டைகளை ஏற்றப் பார்த்த ஒருவரைக் கண்டக்டர் தடுத்துக்கொண்டிருந்தார்.

“ஆளு நிக்கவே எடம் இல்ல. அடுத்த வண்டில வாய்யா.”

“அடுத்த வண்டில போனா நல்ல எடத்த எவனாவது புடிச்சிடுவான். சாயந்தரம் வரைக்கும் வெயில்ல குந்தினு இருந்தா பழம் வதங்கிடும். ஆத்தாளுக்கு வதங்குன பழத்தயா குடுக்கச் சொல்ற?”

கண்டக்டர் சிரித்துவிட்டு விலகினார். ஒரு மூட்டையின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் எங்கள் வகுப்புப் பெண். சுடிதாருக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தாள். துறைத் தலைவரைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே வைத்தாள்.

“என்னம்மா இது?”

“எலுமிச்சம்பழம் மேடம். எங்க தோட்டத்துது.”

“ஒவ்வொரு அமாவாசைக்கும் போவியா?”

“ஆமாம் மேடம். மொத நாள் பறிக்கணும். இன்னைக்கு ராத்திரி முழுக்க வியாபாரம். நாளைக்கு வந்து தூங்கத்தான் செரியா இருக்கும். நைனாவுக்கு ராத்திரில கண்ணு தெரியாது. அழுகல் இல்லாம பொறுக்கித் தர ஆள் வேணும்.”

“பஸ் இல்லன்னு சொன்ன?”

“நீங்கதான் மேடம் சொன்னீங்க. நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல.”

அவளுடைய அப்பா கழுத்தில் ஜெபமாலை இருந்தது. துறைத் தலைவர் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

“கேக்கத்தான் வரீங்கன்னு தெரியுது” என்றார். “மரம் எங்களுது, ஆத்தா அவங்களுது. இருவது வருஷமா அங்கதான் கட போடறேன். யாரும் இன்னா சாமின்னு கேட்டதில்ல மேடம். பழத்துல புள்ளி இருக்குதான்னுதான் கேப்பாங்க.”

பஸ் உறுமியது. அவள் மூட்டையைத் தூக்காமல் நின்றாள்.

“அப்ப பரிச்ச எழுத முடியாதா மேடம்?”

“பஸ் வசதி இல்லன்னு இனிமே என்னால எழுத முடியாது” என்றார் துறைத் தலைவர். “நீ போயிட்டு வா.”

அப்பாவும் மகளும் மூட்டைகளோடு ஏறினார்கள். பின்னாலிருந்து விடுதித் தோழன் மெதுவாகச் சொன்னான்: “நான்தான் அப்பவே சொன்னேன்ல. அமாவாசைக்குத்தான் போறாங்கன்னு.” அவன் சொன்னதில் தகவல் பிழை ஏதும் இல்லை.

பத்து மணிக்குக் கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறத் தொடங்கினோம். பாதி வழியில் துறைத் தலைவர் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். வருகைக் குறைவுக்கு என்னென்ன காரணங்கள் ஏற்கப்படும் என்று யோசித்து எனக்குச் சொன்னார்: உடல்நலம், விளையாட்டு, போக்குவரத்து, வீட்டில் இறப்பு. எலுமிச்சம்பழத்தை எதில் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. உடல்நலம் என்று அந்த செமஸ்டரில் மூன்று பேருக்குப் பரிந்துரை எழுதிவிட்டாராம். மூவரும் விடுதி மாணவர்கள். மஞ்சள் காமாலை, முதுகுவலி, மூச்சிரைப்பு என்று மருத்துவச் சான்று கொடுத்திருந்தார்கள்.

“அவங்க எங்க?” என்று கேட்டார்.

நான் மேலே கைகாட்டினேன். மூவரும் எல்லோரையும் முந்திக்கொண்டு உச்சிக்குக் கீழே உள்ள பாலத்தை எட்டியிருந்தார்கள். மூச்சிரைப்புக்காரன்தான் விடுதித் தோழன். ஒரு குரங்கைப் பார்த்து விசிலடித்துக்கொண்டிருந்தான். துறைத் தலைவர் கேமராவைத் திருப்பி அவர்களை ஒரு படம் எடுத்தார். பிறகு எழுந்து ஏறினார்.

அவர் என்ன எழுதினார் என்பதை அடுத்த வாரம் அவரே வகுப்பில் சொன்னார். அமாவாசை நாட்களில் மாணவி தந்தையுடன் மேல்மலையனூரில் எலுமிச்சம்பழம் விற்றாள், அந்த வருமானமில்லாமல் அவளால் படிக்க முடியாது, தேர்வெழுத அனுமதிக்கலாம். அவ்வளவுதான். அலுவலகம், இப்படி ஒரு காரணம் விதியில் இல்லை என்று திருப்பி அனுப்பியது. அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நிர்வாகக் கட்டிடத்துக்கு இரண்டுமுறை நடந்தார். தேர்வுக்கு நான்கு நாள் முன்புவரை பதில் வரவில்லை. அந்த நாட்களில் அவள் பஸ்ஸில் படிக்கவில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். “திண்டிவனம் கடைல ஆளு எடுக்கறாங்களாம்ணா. நைனா விசாரிச்சுட்டு வந்துட்டாரு” என்று மட்டும் ஒருமுறை சொன்னாள்.

கட்டுரையை அதற்குள் முடிக்கவேண்டியிருந்தது. அமாவாசை பார்ட்டி என்ற பெயர் உண்மையா என்ற இடத்தில், செஞ்சிப் பக்கத்து மாணவர்கள் ஐந்து பேரைக் கேட்டதாக எழுதினேன். ஒருவர் சாமி கும்பிடப் போகிறார். மூவருக்குப் பஸ் கிடைப்பதில்லை. அதில் நானும் ஒருவன். ஒருவர் எலுமிச்சம்பழம் விற்கப் போகிறார். அவளிடம் படித்துக் காட்டி, போடலாமா என்று கேட்டேன்.

“போடுங்க. பூசணிக்காயும் விக்கறோம்ணா, அத வுட்டுட்டீங்க” என்றாள். சேர்த்தேன்.

அனுமதி தேர்வுக்கு முதல் நாள் மாலை வந்தது. அவள் ஐந்து தாள்களையும் எழுதினாள். நான்கில் தேறினாள்.