மடியில் இருந்த பை

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோயிலில், பெரிய வெள்ளிக்கிழமை பாடுகளின் வரலாறு வாசிக்கும்போது, பேதுருவின் பங்கு வருஷம் தவறாமல் சூசைக்குத்தான். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டின காலத்திலேயே மலைக்கு மலை கேட்கும் குரல் அவருடையது. ஆண்டவரைத் தெரியாது என்று பேதுரு மறுக்கிற இடத்தில் அந்தக் குரல் தாழும்போது பின்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். அவர் மனைவி வேரோனி மட்டும் அசையமாட்டாள். "வீட்டுல தெனம் கேக்குற சத்தந்தானே" என்பாள்.

அந்தக் குரல் நின்று சில வருஷங்களாகின்றன. கண் மங்கிவிட்டது, எழுத்துத் தெரியவில்லை என்று சாமியாரிடம் சொல்லி ஒதுங்கிக்கொண்டார். சுத்தப் பொய். எதிர்மலையில் யார் கூடையை இறக்கி வைத்துவிட்டு வெற்றிலை போடுகிறார்கள் என்று இன்றைக்கும் சொல்லக்கூடிய கண் அது.

சூசைக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது, தீ மூட்ட விறகு கொண்டுவருவது. உயிர்ப்புக்கு முந்தின சனிக்கிழமை பொழுதுசாயக் கோயில் வாசலில் புதுத் தீ மூட்டி, அதிலிருந்துதான் பாஸ்கா மெழுகுதிரியை ஏற்றுவார்கள். அந்த மாத மழையில் விறகு நனைந்து புகைந்து, சாமியாரையும் சனத்தையும் ஒன்றாக இருமவைக்கும். அதற்கு வழி கண்டவர் இக்ராம் நானா. பஜாரில் சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். சம்பலுக்குத் துருவின தேங்காய்ச் சிரட்டைகளைத் தவக்காலம் முழுக்கச் சேர்த்து, அடுப்புக்கு மேல் காயப்போட்டு, சாக்கில் கட்டிவைத்திருப்பார். சூசை வாசலில் தலை காட்டியதும், "அண்ணே, ஒங்க தீ ரெடி" என்று சிரிப்பார். ஒரு பிளேன்டீயும் வரும். மறுநாள் வேரோனி சுட்ட பலகாரம் அந்தக் கடைக்குப் போகும். இப்படியே காலம் போயிற்று.

உயிர்ப்பு ஞாயிறன்று கொழும்பிலும் வேறு ஊர்களிலும் கோயில்களில் குண்டு வெடித்ததே, அந்த வருஷம். முஸ்லிம் என்றாலே சந்தேகப்பட்டுப் பிடித்துப்போன நாட்கள் அவை. அடுத்த வாரம் ஹற்றனிலிருந்து திரும்பின பஸ்ஸில் சூசைக்கு இடம் கிடைத்தது. இக்ராம் நின்றுகொண்டு வந்தார். அவருடைய பை சூசையின் மடியில். நம் பஸ்களில் அது வழக்கம்தானே. உட்கார்ந்திருப்பவர் நிற்பவரின் பையை வாங்கி வைத்துக்கொள்வார். முன்பின் தெரியாதவர் பைகூட மடிக்கு வந்துவிடும். இருவரும் பேசிக்கொண்டுதான் வந்தார்கள், வேரோனியின் முழங்கால் வலியைப் பற்றி.

வழியில் பஸ்ஸை நிறுத்தி ஆமிக்காரர்கள் ஏறினார்கள். ஒருவன் பையைத் திறக்கச் சொன்னான். உள்ளே ஒரு சுவர்க்கடிகாரமும், கடை விளக்குக்கு வாங்கின வயர்ச் சுருளும் இருந்தன. கடிகாரத்தையும் வயரையும் சேர்த்துப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. யாருடையது என்று கேட்டான். சூசை இக்ராமைக் காட்டினார். அதுவரை சரிதான். இவரைத் தெரியுமா என்று அவன் அடுத்ததைக் கேட்டபோது, சூசை பையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"தன்னே நே, மாத்தயா" என்றார். தெரியாதுங்க ஐயா என்று பச்சைச் சிங்களத்தில்.

தெரியாதவர் பையும் மடிக்கு வரும் வழக்கம் இருந்ததால் அந்தப் பொய் அழகாக நம்பப்பட்டது. இக்ராம் அவரைத் திரும்பிப் பார்த்தார். பையை வாங்கிக்கொண்டு ஆமிக்காரர்களோடு இறங்கினார். பஸ் புறப்பட்டுவிட்டது.

தெரியும், எங்கள் கோயிலுக்குத் தீ கொடுக்கிற மனிதர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ. அந்த 'என்னவோ'தான் சூசையை அரித்தது. இக்ராம் மாதக்கணக்கில் உள்ளே இருந்து, பாதி ஆளாகத் திரும்பி வந்தார். சூசை பஜாருக்குப் போனால் எதிர்ப் பக்கமாக நடந்தார். பலகாரம் கொண்டுபோகிறேன் என்று வேரோனி கிளம்பினபோது, "இப்ப வேணாம், சனம் ஒரு மாதிரி பேசும்" என்று தடுத்தார். சனம் ஒன்றும் பேசவில்லை. பயந்தவர் அவர்தான்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னார். "ஆண்டவர் மன்னிச்சிட்டாரு. நீங்க அந்த மனுசன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றார் அவர். சூசைக்கு முதல் பாதி பிடித்தது. இரண்டாம் பாதியை அடுத்த உயிர்ப்புக்கு, அதற்கடுத்த உயிர்ப்புக்கு என்று தள்ளினார். இதற்கிடையில் மனசுக்குள் ஒரு கேள்வி வந்து குந்திக்கொண்டது. செத்தவர் மூன்றாம் நாள் எழுந்தார் என்று இத்தனை காலமாக நம்புகிற நமக்கு, உயிரோடு இருக்கிறவன் கடைவாசலை மிதிக்கக் கால் வரவில்லையே. அப்படியானால் இதுவரை நம்பினது எதை? செபம் சொல்லும்போது வாய் மட்டும் அசைந்தது.

இந்த வருஷம் தவக்காலம் தொடங்கின கொஞ்ச நாளிலேயே இக்ராம் மவுத்தாகிவிட்டார். ஜனாஸாவைத் தோளில் சுமந்து போகும்போது சூசை பஸ் தரிப்பிடத்தில் ஒதுங்கி நின்று பார்த்தார்.

உயிர்ப்புக்கு முந்தின சனிக்கிழமை காலை அந்தக் கடைக்குப் போனார். வேறு ஆளில்லாததால், வீட்டோடு இருக்கவேண்டிய இத்தா நாளிலும் கல்லாவில் இக்ராமின் மனைவி செரீபா இருந்தாள். சூசை உட்காரவில்லை.

"தங்கச்சி, அன்னைக்கு பஸ்ஸுல நான் நானாவ தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

"தெரியும். வெளிய வந்த அன்னைக்கே அவர் சொன்னார்" என்றாள் செரீபா. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று சூசைக்குத் தோன்றியது. "அண்ணன் பயந்துட்டாரு, அந்த எடத்துல நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்னார். அதுக்காக உங்கள ஒரு சொல் சொல்ல விடமாட்டார்."

சூசை வாசலைப் பார்த்தார்.

"ஆனா அண்ணே, நீங்க வருவீங்கன்னு இருந்தார். வருஷா வருஷம் உங்க பெருநாளுக்கு முந்தின சனிக்கிழமை, மழையானாலும் கடையைச் சாத்த விடமாட்டார். சாக்கை முன்னுக்கு எடுத்து வச்சிக்கிட்டு ரோட்டையே பார்த்துக்கிட்டு இருப்பார். விடிஞ்சா, நான்தான் அந்த சிரட்டையைப் போட்டு அடுப்பெரிப்பேன்."

அவள் உள்ளே போய் ஒரு சாக்கைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள். "இது அவர் மவுத்தாக முந்தி சேர்க்கத் தொடங்கினது. மிச்சத்த நான் சேர்த்தேன்."

சூசை கடை நடுவில் நின்று அழுதார். ரொட்டி தின்றுகொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அன்று பொழுதுசாய மழை தூறியது. ஆனாலும் ஒரே குச்சியில் தீ பிடித்துக்கொண்டது, புகையே இல்லை. "சூசை, இந்த வருஷம் நல்லாக் கொண்டாந்துட்டீங்க" என்றார் சாமியார். சனம் ஆளுக்கொரு திரியோடு உள்ளே போனது. சூசை காலி சாக்கை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பேதுரு மறுத்தாலும் அவருக்கு ஆண்டவர் திரும்பி வந்தார், கரையில் மீன் சுட்டுக் கொடுத்தார், என்மேல் அன்பிருக்கிறதா என்று கேட்டார். சூசையை அப்படிக் கேட்க இக்ராம் வரப்போவதில்லை. வருஷாவருஷம் அவர் ரோட்டைப் பார்த்துக் காத்திருந்தபோது போயிருக்க வேண்டியவர் இவர்தான்.

சாமியார் ஞானஸ்நான வாக்குறுதிகளைக் கேட்கத் தொடங்கினார். மரித்தோர் உயிர்த்தெழுவார்கள் என்று விசுவசிக்கிறீர்களா என்றபோது கோயில் முழுக்க ஒரே குரலில் பதில் சொன்னது. சூசையின் வாய் திறக்கவில்லை. அது உண்மையாக இருக்கவேண்டுமே என்று வாழ்க்கையிலேயே முதல்முறையாகத் தவித்தார். உண்மையானால் என்றைக்கோ ஒருநாள் இக்ராமின் முகத்துக்கு முன்னால் நின்றாக வேண்டும். அதற்கும் பயந்தார்.

சாமியார் புத்தகத்தின் தாளைப் புரட்டிவிட்டார்.

"விசுவசிக்கிறேன்" என்றார் சூசை, எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, அந்தப் பழைய குரலில். முன்வரிசை திரும்பிப் பார்த்தது. வேரோனி அவர் கையிலிருந்த சாக்கைப் பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.