கூரையில் கத்திய பெட்டி

கள்ளக்குறிச்சியில் நான் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டின் கூடத்தில், கூரையோடு ஒட்டினாற்போல் சின்னத் தட்டு மாதிரி ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. புகை வந்தால் சத்தம் போடும் அலாரம். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் வீட்டுக்கார பாய் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். துபாயிலிருந்து வந்த அவர் மகன் மாட்டியது அது. பையன் ஆசையாக மாட்டியது, கழற்றிவிட வேண்டாம் என்று சாவி கொடுத்த அன்றே பாய் சொல்லியிருந்தார்.

கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர் வேலை கிடைத்ததும் அம்மாவையும் அப்பாவையும் மூங்கில்துறைப்பட்டுப் பக்கமிருந்து கூட்டிவந்தேன். இருவரும் கரும்பு வெட்டுகிறவர்கள். அந்த வேலைக்கு ஜோடியாகத்தான் ஆள் எடுப்பார்கள். அப்பா வெட்டிப் போடுவார், அம்மா சோகையை, அதாவது காய்ந்த இலையை, கழித்துக் கட்டு கட்டுவாள். இனிமேல் வெட்டுக்குப் போனால் அப்பாவின் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொன்னதால்தான் கூட்டிவந்ததே.

மூன்றாவது மாதம் பெட்டி கத்த ஆரம்பித்தது. பெரிய சத்தமில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை ‘கீச்’ என்று ஒன்று.

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மாத்திரை அட்டையோ, கரண்ட் பில்லோ, நான் சொல்வதுதான் முடிவு. தெரியவில்லை என்று அவர்களிடம் சொல்லிப் பழக்கமே இல்லை. ஏறிப் பார்க்காமல், கீழே நின்றபடியே சொன்னேன்: “பொகை பட்டா கத்தும்பா. ஒன் பீடிதான்.”

மறுநாளிலிருந்து அம்மா மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளிப்பதையும் நிறுத்தினாள். பெட்டி நிற்கவில்லை. நான் வேலைக்குப் போனதும் அப்பா திருட்டுத்தனமாகக் குடிக்கிறார் என்று முடிவு கட்டினேன். ஒரு சாயங்காலம் ஆணியில் தொங்கிய அவர் சட்டையை முகர்ந்து பார்த்தேன். பையில் கைவிட்டுத் தேடினேன். வாசற்படியில் நின்று அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் கிடைக்கவில்லை. வேறெங்கோ ஒளித்திருக்கிறார் என்று நினைத்தேனே தவிர, வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. பாய் காதில் விழுந்தால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்றுகூட அப்பாவிடம் சொன்னேன். பாய் அப்படிப்பட்டவரே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தால் வீடு பூட்டியிருந்தது. சாவி பாய் வீட்டம்மாவிடம் இருந்தது. போன் போட்டேன். கரும்பு வெட்டுக்கு மேஸ்திரி ஆள் கேட்டாராம், அப்பா கிளம்பிவிட்டாராம். தனி ஆளுக்கு வேலை தரமாட்டார்கள் என்பதால் கூடவே வந்துவிட்டதாக அம்மா சொன்னாள்.

இரண்டு நாள் கடையில் சாப்பிட்டேன். அடுப்பு பற்றவைக்காத வீட்டில் பெட்டி கத்திக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள்தான் நாற்காலி போட்டு ஏறினேன். திருகியதும் கையோடு வந்தது. விட்டுவிட்டுச் சத்தம் வந்தால் பேட்டரியை மாற்றவும் என்று ஓரத்திலேயே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நாற்காலியின் மேல் நின்றபடி அதை இரண்டுமுறை படித்தேன். பஸ் ஸ்டாண்டு கடையில் சதுர பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டேன். அப்போதும் கத்தியது. பழைய ஸ்டாக்காக இருக்கும் என்று கடைக்காரர் வேறொன்று கொடுத்தார். அதைப் போட்டதும் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை பஸ்ஸில் அவர்கள் வெட்டும் வயலுக்குப் போனேன். வயலுக்குள்ளிருந்து அப்பாவின் இருமல்தான் முதலில் கேட்டது. அம்மா தண்ணீர்க் குடத்தருகே இருந்தாள். பேட்டரி விஷயத்தைச் சொன்னேன். குடத்தை மூடிவிட்டு அம்மா சொன்னாள்:

“அவுரு பீடிய வுட்டு ஒரு மாசம் ஆவுதுடா. நீ சொன்னியே, அன்னிக்கே வுட்டுட்டாரு.”

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“இன்னான்னு சொல்றது? வுட்டப்புறமும் அது கத்திக்கினுதான கெடந்துச்சி. நாப்பது வருசத்துப் பொகை ஒடம்புக்குள்ள கீது, நான் மூச்சு வுட்டாலே அதுக்குத் தெரியுது, என்னால புள்ளைக்கு வூடு போயிடும்னாரு. நான் இன்னாத்த சொல்வேன்?”

அதற்குள் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தபடி வரப்புக்கு வந்தார். புகையே இல்லை, பேட்டரிதான் தீர்ந்துபோயிருக்கிறது, பார்க்காமல் சொல்லிவிட்டேன் என்றேன்.

“அப்போ என் மூச்சுக்கு இல்லியா?”

“இல்லப்பா.”

தலையாட்டினார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். இப்போதே வீட்டுக்குப் போகலாம் என்று கூப்பிட்டேன். எடுத்த வயலைப் பாதியில் விட்டால் மேஸ்திரிக்குக் கெட்ட பேர், இன்னும் நாலு நாள்தான், முடித்துவிட்டு வருகிறேன் என்று அரிவாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். கேட்டமாதிரி தெரியவில்லை.

அம்மாவை நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு, அவர் வெட்டிப் போட்டதைக் கட்டத் தொடங்கினேன். சோகை கையைக் கிழித்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த அப்பா ஒவ்வொருமுறை இருமும்போதும், நான் ஏதாவது சொல்லிவிடப் போகிறேனோ என்று திரும்பிப் பார்த்தார்.