காலியாக விட்ட பக்கம்

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு போன் வந்தது. இதெல்லாம் ஒரு விஷயமா, பத்தியில் எழுத? என் வீட்டில் விஷயம்தான்!

காரைக்காலில், தலத்தெரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். கணவர் மஸ்கட்டில். மகள் கோவையில், ஹாஸ்டலில். வேலையின் பெயர் டிசைன் சிஸ்டம். பெயர்தான் பெரிசு. டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கும் ஆப் ஒன்றை நாலு டீம் சேர்ந்து செய்கின்றன. ஆளாளுக்கு ஒரு பட்டன் வரைந்தால் என்ன ஆகும்? ஒரே ஆப்பில் 'சேமி' ஏழு கலரில் இருக்கும். இருந்தது! அதனால் பட்டன், கட்டம், எழுத்தின் அளவு எல்லாவற்றையும் நான் ஒரே இடத்தில் செய்து, எதை எங்கே போடணும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதி வைப்பேன். மற்றவர்கள் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் வருஷம் போன் ஓயாது. "இந்த பாக்ஸ் மொபைல்ல உடையுதேங்க?" என்று காலையிலேயே ஆரம்பிப்பார்கள். எரிச்சலாக வரும். ஒவ்வொரு கேள்விக்கும் பதிலைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டே வந்தேன். கேள்விகள் குறைந்தன. பிறகு நின்றே போயின. மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். "உங்க சிஸ்டம் தானா ஓடுதுங்க!"

அது ஓடுகிறது... நான்?

வார நாளில் என்னோடு வாய் திறந்து பேசுகிற ஒரே ஆள், கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் செல்வி. அவரும் ஒருநாள் சங்கரா மீனை எடைபோட்டபடி கேட்டுவிட்டார். "ஆபீஸ் வேலைங்கிறீங்க, ஒரு சத்தத்தையும் காணோமேங்க?" எனக்குச் சுருக்கென்றது.

அன்றைக்குத்தான் அந்தக் கிறுக்குத்தனத்தைச் செய்தேன். 'ரத்து செய்' பட்டனின் பக்கத்தைப் புதுப்பித்தபோது, என்ன நிறம், எந்த இடம் என்பதை வேண்டுமென்றே எழுதாமல் விட்டேன். 'சந்தேகம் இருந்தால் கேளுங்கள்' என்று மட்டும் போட்டேன். யாராவது கூப்பிடுவார்கள் இல்லையா? அவ்வளவுதான் என் ஆசை.

ஒரு வாரம் போனது. இரண்டு வாரம். ஒருத்தரும் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் புது வெர்ஷன் சோதனைக்கு வந்தது. திறந்து பார்த்தவளுக்குப் பகீரென்றது. 'உறுதி செய்' இருக்க வேண்டிய இடத்தில், அதே பச்சை நிறத்தில், 'ரத்து செய்'! இது வெளியே போயிருந்தால்? நெஞ்சுவலிக்கு டாக்டரிடம் நேரம் வாங்கின மனுஷர், தன் கையாலேயே அதை ரத்து செய்திருப்பார். எல்லாம் எனக்கு ஒரு போன் வரணும் என்பதற்காக.

செய்தது கௌசல்யா, புதிதாகச் சேர்ந்த பெண். நானே கூப்பிட்டேன். "ஏம்மா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"யார்கிட்டங்க மேடம்?"

"என்கிட்டதான்!"

"ஐயோ, சாரி மேடம்... ஆபீஸ் சாட்ல 'டிசைன் சிஸ்டம்'னுதானே பேர் இருக்கு? நான் அது ஏதோ மெஷின்னு நினைச்சுட்டேன். ஆள் இருக்கீங்கன்னே தெரியாதுங்க."

சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகு அழுதேன்.

யாரைக் கோபித்துக்கொள்வது? என் பெயரைப் போட எனக்கே தோன்றவில்லையே! நாலு பேர் பொதுவாகப் புழங்குகிற எதற்கும் விதிமுறை மட்டும் போதாது போலிருக்கிறது — யாரைக் கேட்பது என்றும் தெரியணும். அந்தப் பக்கத்தை ஒழுங்காக எழுதி முடித்தேன். சாட்டில் என் பெயரைப் போட்டேன். ஒரு போட்டோவும்.

அதற்கப்புறம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை போன். கௌசல்யாதான். "அக்கா, ஒரு சந்தேகம்... எச்சரிக்கைப் பெட்டியில ஐகான் இடது பக்கமா, வலது பக்கமாங்க?"

ஐகானில் ஆரம்பித்து அவள் ஹாஸ்டல் சாப்பாடு வரைக்கும் இருபது நிமிஷம் பேசினோம். அவள் கேட்டதற்குப் பதில் எச்சரிக்கைப் பெட்டிக்கு நான் எழுதிய பக்கத்தின் மூன்றாவது வரியிலேயே இருக்கிறது.

நான் மூச்சு விடவில்லை!