தகப்பனின் பண்ணை நின்ற இடம்

ஒஸ்லோவை அடுத்த லோறென்ஸ்கூக்கில் நாங்கள் வீடு வாங்கிக் குடிவந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு நோர்வேஜிய மூதாட்டி தனியாக இருந்தார். அந்த வரிசையில் முதல் தமிழ்க் குடும்பம் நாங்கள். முதல் வருடம் முழுக்க அவர் எங்களைக் கண்டால் தலையாட்டுவதோடு சரி.

அடுத்த பனிக்காலத்தில் என் மனைவிக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நான் திரும்பி வரும் ஒவ்வொரு நாளும் எங்கள் வாசலில் பனி வழிக்கப்பட்டிருந்தது. வழித்தது மூதாட்டிதான் என்று அறிந்து நன்றி சொல்லப் போனபோதுதான் அவர் வாய் திறந்தார்.

அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் அவருடைய தகப்பனின் பண்ணையாம். உருளைக்கிழங்கும் ஓட்ஸும் விளைந்த நிலம். ஒஸ்லோவில் இடம் போதாமல் போக, இங்கே அடுக்குமாடிகள் எழும்பின. பிறகு அகன்ற வீதி, பிறகு பெரிய கடைத்தொகுதி. நிலத்தை விற்ற கிழமை தகப்பன் ஒருவரோடும் கதைக்கவில்லையாம்.

"பிறகு நீங்கள் வந்தீங்கள்" என்று சிரித்தார். அதைக் குறையாகச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து கோடை மாலைகளில் எங்களோடு தேநீர் குடிக்க வருவார்.

சில வருடங்களில் அவருக்கு நினைவு தப்பத் தொடங்கியது. முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். நாங்கள் பார்க்கப் போகும்போதெல்லாம், வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொள்வார். அவர் கேட்டது பண்ணை வீட்டை.

"பாவம், ஒருக்காக் காரிலை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோவன்" என்றாள் மனைவி.

"அங்கை இப்ப என்ன கிடக்கு காட்டுறதுக்கு?"

"இடம் கிடக்குத்தானே."

இல்லத்தில் அனுமதி வாங்கிக் கூட்டிப் போனேன். பண்ணை வீடு நின்ற இடம் இப்போது கடைத்தொகுதியின் கார்த் தரிப்பிடம். காரை நிறுத்தி, "இதுதான்" என்றேன். அவர் கண்ணாடியூடாக வெகுநேரம் பார்த்தார்.

"அப்பாவுக்கு இது தெரியுமோ?"

"ஓம், தெரியும்" என்றேன்.

"அப்ப ஏன் அவர் எனக்குச் சொல்லேல்லை?"

குழந்தையைப் போல் விம்மி அழுதார். திரும்பும் வழியெல்லாம் அழுகை நிற்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போகக் கேட்கவேயில்லை. இப்போது அமைதியாக இருக்கிறார் என்று தாதி சந்தோஷப்பட்டாள். எனக்கு அது சந்தோஷமாகப் படவில்லை. பனி கரையுமுன் அவர் இறந்துபோனார். அடக்கத்துக்கு நாங்கள் இருவரும் தூரத்து உறவினர் ஒருவரும் மட்டுமே நின்றோம்.

"கடைசியா ஒருக்கா இடத்தையாவது பாத்திட்டுத்தான் போனவ" என்று மனைவி ஆறுதலாகச் சொன்னாள். அன்று காருக்குள் நடந்ததை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.