வெடிக்குத் துள்ளிய ஆணி

பூமி அதிர்வதைத் தானே எழுதிக் காட்டும் கருவியை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று நூலகத்தில் ஒரு பழைய பத்திரிகையில் படித்தேன். படித்ததோடு எழுந்து வந்திருக்கலாம். அப்போது, எண்பதுகளின் கடைசியில், அருப்புக்கோட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். வீடு திருச்சுழி போகும் பஸ் தடத்தில், கரிசல்காட்டுக்கு நடுவில் ஒரு ஊர். டீக்கடைக்காரர் என்னைப் பற்றிச் சொன்னது எனக்கு இன்னும் பிடிக்கும்: "அவுக வீட்டு ஃபேனு ஆடுறத நிறுத்த நேரமில்ல, பூமி ஆடுறதப் பாக்கப் போறாகளாம்."

கருவி பெரிய வித்தை இல்லை. தூணில் தொங்கியபடி திறந்து மூடும் ஒரு வீட்டு கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கல்தூண் ஒன்று. அதன் அடிப்பக்கத்தில் ஓர் இரும்புத் தடியின் முனை முட்டிக்கொண்டிருக்கும். தடியின் மறுமுனையில் எடைக்கல். அதைத் தூணின் உச்சியிலிருந்து ஒரு கம்பி தாங்கும். பூமி அசைந்தால் தூண் அசையும், கனமான தடி அசையாமல் நிற்கப் பார்க்கும். அந்த வித்தியாசத்தைத் தடியின் நுனியில் இருக்கும் ஊசி, புகையில் கருக்கிய காகிதத்தில் கீறும். காகிதம் ஒரு பால்பவுடர் டின்னில் சுற்றியிருக்கும். டின்னை அலாரம் கடிகாரம் சுற்றும். இவ்வளவுதான். ஆனால் தடி தூணில் முட்டுகிற அந்த ஒரு புள்ளி இருக்கிறதே, அதுதான் என் உயிரை எடுத்தது.

என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி. ஊசி நாளெல்லாம் தறியையே எழுதியது. அப்போதுதான் தெற்குத் தெரு வாத்தியார் தன் வீட்டுப் பின்னறையைத் தருவதாகச் சொன்னார். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெறப் போகிறவர். கடைசிவரை இருப்பதற்கென்று பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. கட்டி ஒரு வருஷத்துக்குள்ளேயே பின்சுவர் மூலையிலிருந்து கைவிரல் நுழைகிற அளவுக்கு விரிசல். மேற்கே ஒரு கல்குவாரி. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு வெடி. வெடிதான் சுவரைப் பிளக்கிறது என்று அவர் மனு மேல் மனுவாக எழுதிப் போட்டும் யாரும் வந்து பார்க்கவில்லை. என் கருவி அவர் கண்ணுக்குச் சாட்சியாகத் தெரிந்தது.

தூணை நட்டேன். தடி தூணில் முட்டுகிற இடத்துக்கு முதலில் ஒரு காங்கிரீட் ஆணியைத் தீட்டி, போல்ட் தலையில் குழி அடித்து உட்கார வைத்தேன். முதல் நாள் நாலு மணிக்கு வெடி கேட்டது. ஊசி ஒரு விரல்கடை துள்ளியது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அந்த வாரம் முழுக்க நாலு மணி ஆனால் துள்ளல். கரி கலையாமலிருக்கக் காகிதங்களுக்கு வார்னிஷ் அடித்து, ஞானப்பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்து அழுத்திச் சேர்த்தார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், சொன்னாள்: "நாலு வருசமா இந்த மனுசன் சொன்னத ஒருத்தரும் கேக்கல. ஒரு ஆணி சொன்னா ஊரே வந்து கேக்குது."

சும்மா இருந்திருக்கலாம் அல்லவா? எனக்குத்தான் குடைச்சல். ஒரே மாதிரி வெடிக்கு ஒருநாள் விரல்கடைத் துள்ளல், ஒருநாள் நூலளவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, குவாரிக்கு லீவு, அக்கா கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் கதவைச் சாத்தினாள். அதற்கும் விரல்கடை துள்ளியது. ஆணி குழியில் சிக்கிக்கொள்கிறது என்று புரிந்தது. ஆணியை எடுத்துவிட்டு வேறு ஏதாவது வைக்க வேண்டும் என்றேன். "நல்லா எழுதிக்கிட்டிருக்கிறத எதுக்குத் தம்பி நோண்டுற?" என்றார் வாத்தியார்.

நோண்டினேன். ரிக்கார்டு பிளேயர் ஊசியை வைத்தேன். எடை தாங்காமல் மூன்றாம் நாள் மழுங்கிற்று. சைக்கிள் பால்ரஸை எடுத்து, தீட்டிய இரும்புத் தகட்டில் முட்ட வைத்தேன். நன்றாகத்தான் ஆடியது, கோடைக் காற்றில் கரிசல் புழுதி உள்ளே புகும்வரை. எண்ணெய் விட்டேன், எண்ணெயில் புழுதி சேர்ந்து பசையாயிற்று. துணி போட்டு மூடினேன். துணி தடியில் உரசியது. ஒவ்வொரு முறையும் எடைக்கல்லைக் கழற்றி, கம்பியை முறுக்கி, மட்டம் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை எடுக்க வேண்டும். எடுத்த கையோடு அது ஒரு பக்கமாகச் சரிந்து போய்ச் சுவரில் சாய்ந்து நிற்கும், கடன் கேட்டு வந்த மச்சினன் மாதிரி. கடையில் நாலு மோட்டார் பிரித்துப்போட்டபடி கிடந்தது. ஏலே, பூகம்பம் வருதோ இல்லையோ உன் கடைக்கு வந்துரும் என்றான் பக்கத்துக் கடை நண்பன்.

விடை தறியில் கிடைத்தது. நெசவுக்காரர் ஒருவர் தேய்ந்த அச்சைத் தூக்கிப் போட்டார். பாவு இழைகளைப் பிரித்து நிறுத்துகிற அந்தச் சட்டத்தின் பற்கள் மெல்லிய எஃகுத் தகடுகள். இரண்டை எடுத்துக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, தடியையும் தூணையும் அவற்றால் பிணைத்தேன். தடி தூணில் முட்டித் தள்ளாமல், தூணைச் சுற்றி இரண்டு கிளையாகப் பிரிகிற ஒரு கவை போட்டு, தகடுகளை இழுத்துப் பிடித்தபடி நிற்க விட்டேன். இனி முனையும் இல்லை, குழியும் இல்லை. உரசல் என்பதே கிடையாது. தகடு வளையும், நிமிரும். விரலால் தொட்டுவிட்டால் தடி வெகுநேரம் போய்ப் போய் வந்தது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

நாலு மணிக்கு வெடி கேட்டது. ஊசி முடியளவு நடுங்கி, பழைய இடத்திலேயே நின்றது. துள்ளலைக் காணோம். அதற்குப் பதில் காகிதத்தில் கோடு காலையிலிருந்து சாயங்காலம்வரை மெல்ல மெல்ல ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டே போயிருந்தது.

இரண்டு நாள் யோசித்து விளங்கிக்கொண்டேன். தரையே கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்கிறது; தூண் சாய்ந்தால் கேட் தானே ஒரு பக்கம் போகுமே, அப்படித் தடியும் போகிறது. ஆணி சிக்கிக்கொண்டிருந்ததால் தடி நகர முடியாமல் நின்றது. வெடி வந்து தட்டியதும் பிடி விட்டு, நாள் முழுக்கச் சேர்ந்த சாய்வை ஒரே தாவலாகத் தாவியது. வெடி செய்ததெல்லாம் கதவு செய்த வேலைதான்.

தரை ஏன் சாய்கிறது? அதுவும் தெரிந்தது. வாத்தியாரும் அக்காவும் ஐந்து நாள் சாத்தூரில் மகள் வீட்டுக்குப் போனார்கள். சாவி என்னிடம். ஐந்து நாளும் நாலு மணிக்கு வெடி போட்டார்கள். ஆனால் கோடு இரண்டாம் நாள் நின்றது, மூன்றாம் நாள் எதிர்ப்பக்கம் திரும்பியது. அவர்கள் வந்து இறங்கிய மறுநாளே பழையபடி. பின்னால் போய்ப் பார்த்தேன். குளிக்கிற தண்ணீர், துவைக்கிற தண்ணீர் எல்லாம் விரிசல் விட்ட மூலையின் அடியிலேயே, ஒரு வாழைக்கு என்று விடப்பட்டிருந்தது. கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் பிளக்கும். எங்கள் ஊரில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். வீட்டின் ஒரு மூலை மட்டும் உப்பிக்கொண்டிருந்தது.

சொன்னேன். வாத்தியார் முகம் சிவந்துவிட்டது.

"அப்ப எம் பொண்டாட்டி குளிக்கிறதுதான் வீட்ட இடிக்கிதுங்கிற?"

"அப்படிச் சொல்லல சார். தண்ணிய அந்தப் பக்கமா விடாம..."

"தம்பி, அந்தப் பழைய ஆணியவே போட்டுரு. அதுலதான் உண்மை தெரிஞ்சுச்சு."

ஆணி பொய் சொன்னது என்று எத்தனை விதமாகச் சொல்லியும் ஏறவில்லை. சரியாக அந்தச் சமயம் பார்த்து மனுவுக்குப் பதில் வந்தது. ஓர் அதிகாரி நேரில் பார்வையிட வருகிறார். அவர் வருகிற அன்று நான் மூன்றரைக்குக் கடையை அடைத்துவிட்டுப் போனேன். அறையில் தெருவே நின்றது. தூணைப் பார்த்தேன். என் எஃகுத் தகடுகள் ஜன்னல் மேல் மடங்கிக் கிடந்தன. தடி முட்டுகிற இடத்தில் பழைய ஆணி இருந்தது. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக்கூடாது என்று கதை சொல்கிற மனிதர் என் கண்ணைப் பார்க்கவில்லை.

வெடி கேட்டது. ஊசி துள்ளியது. எல்லாரும் ஒரே நேரத்தில் அதிகாரியைப் பார்த்தார்கள்.

அவர் குனிந்து காகிதத்தைப் பார்த்தார். கருவியைச் செய்தது யார் என்று கேட்டார். பிறகு என்னிடம், "இவ்வளவு தூரம் தரை அசைஞ்சிருக்குன்னு அர்த்தமா?" என்றார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தைக்காக வாத்தியார் நாலு வருஷம் காத்திருந்தார். எனக்கு வந்த எரிச்சல் யார் மேல் என்று இன்றுவரை தெரியவில்லை.

"இல்லீங்க. அந்த ஆணி அசைஞ்சது அம்புட்டு தூரம்," என்றேன். வெடிக்கு லேசான நடுக்கம் உண்டு, சுவரைப் பிளக்கிற அளவு இல்லை என்றும் சொன்னேன்.

அதிகாரி எழுதிக்கொண்டு போனார். தெரு கலைந்தது. வாத்தியார் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், நான் வெளியே போவதற்காக. மறுநாள் தூணும் தடியும் டின்னும் ஒரு மாட்டுவண்டியில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

ஒரு மாதம் கழித்து அக்கா என்னைக் கடைத்தெருவில் பிடித்துக்கொண்டாள். "தண்ணிய மாத்தி விடுன்னு சொல்றதுக்கு இம்புட்டு கம்பி, இம்புட்டு கல்லா? எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா அன்னைக்கே வாழைய வெட்டியிருப்பேன்ல" என்றாள். வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் தெருப்பக்கம் திருப்பியாயிற்று. பூசிய விரிசல் அந்த மழைக்குத் திறக்கவில்லை.

வாத்தியார் குவாரி மேல் மனு எழுதுவதை நிறுத்தவில்லை. வாய்க்கால் எதற்கு சார் என்று கேட்டவர்களிடம், கொசுத் தொல்லை தாங்கல, அதான் என்றாராம். எதிரே வரும்போது என்னைப் பார்த்தால் மட்டும் சைக்கிளை விட்டு இறங்கி, செயினைச் சரிபார்க்கத் தொடங்கிவிடுவார்.