மீனுக்குப் பதில் காளான்

சுனாமி அடித்த அடுத்த வருடம் எங்கள் வீட்டில் மீன் சமைக்கவில்லை. கடல் கொண்டுபோனவர்களை மீன் தின்றிருக்கும், அந்த மீனை நாம் எப்படித் தின்பது என்று ஊரே வாயைக் கட்டியிருந்தது. கல்முனைக் கரையில் வீடு போனபின் நாங்கள் சம்மாந்துறையில் மாமியின் வீட்டு வளவுக்குள் ஒரு குடிலில் இருந்தோம். இன்றைக்கும் பருப்பு, நாளைக்கும் பருப்பு. எனக்கு ஆறு வயது. துக்கத்தை விடப் பருப்புத்தான் என்னைக் கூடுதலாக வாட்டியது என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

உம்மாவின் கவலை வேறு. மூன்று வயதுத் தங்கச்சி கிடைக்கவில்லை. அலை அடித்ததில் உம்மா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். நினைவு திரும்பியதும், "என்ட புள்ளய ஆரோ தூக்கி வளக்காங்க" என்று அடித்துச் சொன்னார். வெள்ளிக்கிழமை தோறும் வாப்பாவை முகாம் முகாமாகத் தேட அனுப்புவார். வாப்பாவும் மறுபேச்சில்லாமல் போவார், வெறுங்கையோடு வருவார்.

நோன்புக்கு ஒரு கிழமை இருக்கையில் இடியோடு மழை பெய்தது. இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். விடிந்ததும் கிளம்பிவிட்டேன். வரம்பு வரம்பாகத் தேடியும் நாலைந்துதான் அகப்பட்டது. வயலுக்கு அப்பால், மண் மேடாகக் கிடந்த ஒரு வெறுங்காணியில் ஏறினேன். யா அல்லாஹ்! வெள்ளை வெளேரென்று, கால் வைக்க இடமில்லை. சட்டையை ஏந்திப் பிடித்து, அது கொள்ளுமட்டும் பிடுங்கினேன்.

உம்மா தேங்காய்ப்பால் விட்டு ஆணம் காய்ச்சினார். "இறைச்சி தோத்துப்போகும் மகள்" என்று சொல்லி, இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டார். அத்தனை மாதத்தில் அவர் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்த வாப்பா, சோற்றுக் கோப்பையில் கை வைத்தபடி கேட்டார்.

"எங்க மகள் புடுங்கின?"

"வயலுக்கு அங்கால, மண்மேட்டுல வாப்பா. இன்னும் கிடக்கு."

வாப்பாவின் கை அப்படியே நின்றது. "அது மையவாடி," என்றார். "கரையில இருந்து உழவு மெசின்ல ஏத்திக் கொண்டந்த மையத்தெல்லாம் அங்கதான் அடக்கின."

இறந்தவரை அடக்கம் செய்யப் பெண்கள் போவதில்லை. அந்த இடம் எங்களுக்கு எப்படித் தெரியும்? உம்மா வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடி ஓங்காளித்தார். வாப்பா பின்னாலேயே போய், "நீ திண்டிட்டியாகா? நீயுமா திண்ட?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

உம்மா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

"அங்க ஆரு இரிக்கா?"

உம்மா வாப்பாவின் இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என்ட புள்ளயா?"

"ஓம்," என்றார் வாப்பா. "ரெண்டாம் நாள் எடுத்த. இந்தக் கையாலதான் அடக்கின. உனக்கிட்டச் சொல்ல வாய் வரல்லகா."

உம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. என் கையைப் பிடித்து, "இடத்தக் காட்டு" என்றார். நொண்டி நொண்டி வரம்பு வழியே என்னையும் இழுத்துக்கொண்டு நடந்தார். தடுக்கத் தைரியமில்லாமல் வாப்பா தூரத்தில் வந்தார்.

நான் பிடுங்கிய இடமெல்லாம் சின்னச் சின்னக் குழிகள். உம்மா முழங்காலில் விழுந்து, ஒவ்வொரு குழியாக மண்ணைத் தள்ளி மூடினார். அப்போதுதான் அழுகை வெடித்தது. அப்படியொரு அழுகையை நான் அதற்குமுன் கேட்டதில்லை. பயந்துபோனேன். இவ்வளவு காளானையும் நான் பிடுங்கிவிட்டேன் என்றுதான் அழுகிறார் என்று நினைத்தேன்.

கிட்டப்போய் அவருடைய தோளைத் தடவினேன்.

"அழாதீங்க உம்மா. மழ பேஞ்சா திரும்பவும் முளைக்கும்."

உம்மா சிரிப்பார் என்று காத்து நின்றேன்.