கேசட் அட்டையில் இல்லாத ஐந்தாவது பெயர்

எங்கள் குழுவின் பாடகன் பொய் சொல்கிறான். அந்தப் பாட்டின் மெட்டு அவனுடையது இல்லை. பேட்டிக்குப் பேட்டி தன்னுடையது என்கிறான். அதற்குச் சாட்சியாக அவன் காட்டுவது ஒரு பழைய கேசட் அட்டை. புது ஆல்பத்தின் விளம்பரத்திலேயே அதன் படத்தைப் போட்டிருக்கிறார்கள். குழுவினர் என்று அவனையும் சேர்த்து நான்கு பெயர். அதற்கு மேலே பாட்டு, மெட்டு என்று மறுபடியும் அவன் பெயர். எல்லாம் நீல மையில் இருக்கிறது. எழுதியது நான். அதனால்தான் இதையும் நானே எழுத வேண்டியிருக்கிறது.

பழைய ராக் குழுக்கள் எல்லாம் திரும்பி வருகிற காலம் இது. தொப்பை விழுந்தவர்கள், முடி கொட்டியவர்கள், பேரன் எடுத்தவர்கள் கூட கிட்டாரைத் தூசி தட்டிப் புது ஆல்பம் போடுகிறார்கள். போடட்டும். வயதானவன் மைக் முன்னால் கத்தக் கூடாது என்று சட்டம் இல்லை. எங்கள் பாடகன் சென்னையில் நாலு புது ஆட்களைச் சேர்த்துக்கொண்டு எங்கள் பழைய பெயரிலேயே ஆல்பம் போடப்போகிறான் என்றபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தக் கேசட்டில் ஒன்றே ஒன்று என்னிடம் மிச்சம் இருந்தது. போன் பண்ணிக் கேட்டான். மறுநாளே கூரியரில் அனுப்பினேன். ஆல்பத்தில் ஏழு பாட்டு புதியது, ஒன்று பழையது. எல்லோரும் கேட்பது அந்தப் பழையதைத்தான்.

தொண்ணூறுகளில் நாங்கள் ஐந்து பேர். நான் பேஸ் கிட்டார். இப்போது தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் கண்டெய்னர் காகிதங்களோடு மாரடிக்கிறேன். அன்றைக்குப் பயிற்சி செய்ய இடம் கிடைத்தது ஒரு ஐஸ் கம்பெனியின் பின்பக்கக் கொட்டகை. அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் கடலுக்குப் போக மாட்டார்கள். படகு போகாவிட்டால் ஐஸ் உடைக்கிற மெஷின் ஓடாது. அது ஓடாத நாளில்தான் நாங்கள் போடுகிற சத்தம் எங்களுக்கே கேட்கும். கால் எப்போதும் ஈரத்தில் இருக்கும். ஷாக் அடிக்காமல் இருக்க மீன் பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் நின்று வாசிப்போம்.

லீட் கிட்டார் என் மச்சான், தாய்மாமன் மகன். புன்னைக்காயலுக்குப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம். காலைப் பூசையில் மாதா கோயில் ஆர்மோனியம் வாசித்துவிட்டு, கிட்டாரைப் போர்வையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி வருவான். சுருதி பார்க்கிற கருவியெல்லாம் எங்களிடம் கிடையாது. கிளம்புவதற்கு முன் ஆர்மோனியத்தோடு கிட்டாரைச் சேர்த்துக்கொள்வான். வழியில் பஸ் குலுக்கிக் கலைத்தாலும் காதாலேயே சரிசெய்துவிடுவான். அவனோடு நாங்கள் எல்லோரும் சேர்த்துக்கொள்வோம். அந்த ஆர்மோனியமோ எத்தனையோ வருடம் உப்புக்காற்று குடித்தது. உள்ளே இருந்த பித்தளை நாக்குகள் களிம்பேறி, சுருதி இறங்கி, ஒரு கட்டைக்கும் இன்னொரு கட்டைக்கும் நடுவில் எதிலும் சேராமல் நின்றது. எங்களுக்கு அது தெரியாது. உலகத்தில் எல்லோரும் இப்படித்தான் வாசிக்கிறார்கள் என்று நினைத்திருந்தோம்.

மதுரையில் ஒரு கல்லூரிப் போட்டிக்குப் போனபோதுதான் தெரிந்தது. அங்கே கீபோர்டு வாசிக்க ஒருவரைக் கொடுத்தார்கள். அவர் எந்தக் கட்டையை அழுத்தினாலும் எங்களோடு ஒட்டவில்லை. கூட்டம் சிரித்தது. மச்சான் மட்டும் அசையாமல், அவர் கீபோர்டுதான் தப்பு என்று மேடையிலேயே சாதித்தான். பாடகன் திரும்பி வருகிற பஸ் முழுக்கத் திட்டிக்கொண்டு வந்தான்.

“ஏலே, ஒன் கோயில் பெட்டியத் தூக்கிக் கடல்ல போடுலே. அதக் கேட்டு மீனு வேணா ஆடும்” என்றான்.

இப்போது அதே ஆள் பேட்டியில் சொல்கிறான், அந்த இறங்கிய சுருதி அவன் யோசித்து எடுத்த முடிவாம். குழுவின் அடையாளமாம். புதுப் பதிவிலும் அதையே வைத்திருக்கிறானாம்.

அந்தப் பாட்டின் மெட்டை மச்சான் அந்த ஆர்மோனியத்தில்தான் போட்டான். பூசை முடிந்து ஜனம் கலைகிற நேரத்தில் மெதுவாக வாசித்துப் பார்ப்பான். பங்குச் சாமியார் ஏதோ புதுத் திருப்பாட்டு என்று நினைத்துத் தலையாட்டுவாராம். கிழவிகள் சிலுவை போட்டுக்கொள்வார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிக் கொட்டகையில் சிரிப்பான். அடுத்த நிமிடம் அதே மெட்டைக் கிட்டாரில் எடுப்பான். தகரக் கூரை அதிரும்.

கேசட் போட்டபோது அட்டை எழுதும் வேலை எனக்கு. மச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“எம் பேரப் போடாத மாப்ள. சாமியாருக்குத் தெரிஞ்சா ஆர்மோனியத்தப் பூட்டிருவாரு. எங்கம்ம கோயில்ல தல நிமுந்து நிக்கதே அது ஒண்ணுக்காவத்தான்.”

மெட்டு என்ற இடத்தில் யார் பெயரைப் போட என்று கேட்டேன். யார் பெயரையாவது போடு என்றான். பாடகன் பெயரைப் போட்டேன். பாடகன் அப்போது எதிரில் மீன் பெட்டி மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

பிறகு குழு கலைந்தது. பாடகன் சென்னைக்குப் போனான். மச்சான் பைபர் படகு வாங்கினான். தூண்டில் நரம்பு இடது கையின் இரண்டு விரல்களை அறுத்துப் போட்டதில் கிட்டாரும் போயிற்று. மெட்டு மட்டும் போகவில்லை. வலை பிரிக்கும்போது முணுமுணுப்பான். அதைக் கேட்டே வளர்ந்தவள் அவன் மகள். இப்போது தூத்துக்குடியில் கல்லூரியில் படிக்கிறாள். வகுப்பில் யாரோ அந்தப் பாட்டைப் போனில் போட, இது எங்கப்பா போட்ட மெட்டு என்று சொல்லியிருக்கிறாள். அட்டைப் படத்தை எடுத்துக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அப்பனிடம் ஒரே கேள்விதான் கேட்டாளாம்: “பொய்யாப்பா சொன்ன?”

இதை என்னிடம் சொன்னபோது மச்சான் கோபப்படவில்லை. விட்டுரு மாப்ள, களைப்பா இருக்கு என்றான். எனக்கும் களைப்புதான். இடுப்பு வலி, சர்க்கரை, ஆபீஸ். ஆனாலும் பாடகனுக்குப் போன் போட்டேன்.

“அட்டைல எம் பேரு ஒன் கையெழுத்துலதான இருக்கு? அப்ப நீ பொய்யா எழுதுன?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் ஊருக்குப் போனேன். கோயிலில் இப்போது கரண்டில் ஓடுகிற கீபோர்டு வந்துவிட்டது. பழைய ஆர்மோனியம், சாமியார் உடுப்பு மாற்றும் அறையில் மெழுகுவர்த்திப் பெட்டிகளுக்கு அடியில் கிடந்தது. மகளையும் கூப்பிட்டு நிறுத்தினேன். போனில் புது ஆல்பத்தைப் போட்டேன். மச்சான் மிச்சம் இருந்த விரல்களால் துருத்தியை அமுக்கி, வலது கையால் வாசித்தான். பல கட்டைகள் பேசவில்லை. பேசிய கட்டைகள் அத்தனையும் அந்தப் பாட்டோடு மயிரிழை பிசகாமல் ஒட்டின. வெளியே இருந்த கீபோர்டில் அதே கட்டைகளை அழுத்திப் பார்த்தேன். மதுரையில் கேட்ட அதே அலங்கோலம்.

அவள் அழுதாள் என்றெல்லாம் எழுத மாட்டேன். அழவில்லை. அப்பன் தோளில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“நான் கேட்டுட்டேன் மாமா. சிரிச்சவங்களுக்கு யாரு சொல்லுவா?”

நான் சொல்கிறேன். ஆமாம், பொய்யாகத்தான் எழுதினேன். மச்சானின் அம்மாவுக்காக எழுதினேன். அவர் மண்ணுக்குள் போய்ப் பல வருடமாகிறது. ஆர்மோனியத்தை இனிப் பூட்டுவதற்கும் யாரும் இல்லை. அந்தப் பொய்க்கு இனி வேலை இல்லை.

பாடகா, அடுத்த மாதம் தூத்துக்குடி மேடைக்கு வருகிறாய். சுவரெல்லாம் அந்த அட்டையைப் பெரிதாக்கி ஒட்டியிருக்கிறார்கள். என் கையெழுத்து ஆள் உயரத்துக்கு நிற்கிறது. நான் முன்வரிசையில் இருப்பேன். பக்கத்தில் அந்தப் பெண் இருப்பாள். அந்தப் பாட்டை எடுப்பதற்கு முன்னால், இத்தனை பேர் கேட்க, மெட்டு யாருடையது என்று மைக்கில் சொல். அவன் பெயரை நான் இங்கே எங்கும் எழுதவில்லை, கவனித்தாயா? ஐந்தாவது பெயர் உனக்குத் தெரியும். உன் வாயால் சொல்.